வானமும் ஓர் அறை

வீடு என்பது யாது? நான்கு சுவர்களும் அவற்றின்மேல் ஒரு கூரையுமே வீடு என்று எளிதில் விடை கூறிவிடலாம். ஆயினும், வெப்பநாட்டில் வாழும் மக்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரத்தை அந்த நான்கு சுவர்களுக்குள்ளே கழிக்கின்றார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அவ்விடை போதாது என்பது புலனாகும். நெல்லையும் மிளகாயையும் உலர்த்துவது முற்றத்திலே. மாலையில் பிள்ளைகள் விளையாடுவதும் முற்றத்திலே. வந்த உறவினரோடு அளவளாவுவது திண்ணையிலே. வெக்கை மிகுந்த இரவில் பாயை விரித்துப் படுப்பது விறாந்தையிலே. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்த நேயர்களுக்கு இதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை. நடுவே வானம் தெரியத் திறந்து கிடக்கும் முற்றத்தை நீக்கிவிட்டால், எஞ்சுவது இருண்ட நான்கு தாழ்வாரங்களே அன்றி வீடு அன்று.

வானத்தைப் பார்த்துத் திறந்த வெளியும் வீட்டின் ஓர் அறையே. செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டிய அறைக்கு அது எவ்வகையிலும் தாழ்ந்தது அன்று. ஏழைக்கோ அதுவே மிகப் பெரிய அறை. இந்தக் கருத்தைத் தம் தொழிலின் அடிப்படைக் கொள்கையாக ஏற்று, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டடங்களை அமைத்தவர் இந்தியாவின் சார்ள்ஸ் கொரெயா. அவருடைய கொள்கையையும், அக்கொள்கை கல்லிலும் மண்ணிலும் எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், அது எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதையும் இன்று காண்போம்.

கொரெயா 1930ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் செக்கந்தராபாத்திலே பிறந்தார். பம்பாயில் கற்றபின் அமெரிக்கா சென்று, மிச்சிக்கன் பல்கலைக்கழகத்திலும் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கட்டடக் கலை பயின்றார். தாயகம் திரும்பி, 1958இல் பம்பாயில் தமது தொழிலகத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தெட்டு. சிறு வயதில் விளையாட்டுப் புகைவண்டிக்குத் தண்டவாளம் பொருத்தி மகிழ்ந்ததிலிருந்தே தமக்கு இக்கலையில் நாட்டம் பிறந்தது என்று பிற்காலத்தில் அவர் எழுதியுள்ளார்.

சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த இந்தியாவில், அந்நாளில் ஒரு பெரும் வினா எழுந்திருந்தது. புதிய நாட்டுக்குரிய புதிய கட்டடம் எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? மேனாட்டாரைப் போலக் கண்ணாடிப் பெட்டிகளை எழுப்புவதா? அன்றிப் பழைய அரண்மனைகளின் கும்மட்டங்களையும் வளைவுகளையும் புதிய சுவர்களின்மேல் ஒட்டவைப்பதா? முன்னது நம் வெயிலை அறியாதது; பின்னது நம் காலத்தை அறியாதது. கொரெயா இவ்விரண்டு வழிகளிலும் செல்லவில்லை. பழங்கட்டடங்களின் தோற்றத்தை விடுத்து, அவை எக்காரணத்தால் அவ்வாறு அமைந்தன என்பதையே அவர் ஆராய்ந்தார். உருவம் பயனைத் தொடரும் என்பது மேனாட்டுக் கட்டடக் கலைஞரிடையே வழங்கிய புகழ்பெற்ற சூத்திரம். கொரெயாவோ, உருவம் காலநிலையைத் தொடரும் என்று அதனை மாற்றி அமைத்தார்.

இதற்கு அவர் காட்டும் சான்றுகளில் ஆக்ராக் கோட்டையும் ஒன்று. கோடைகாலத்தில் காலைப்பொழுதிலே முற்றத்தின் மேல் துணிப்பந்தர் விரிக்கப்படும். இரவின் குளிர்காற்று அதன்கீழ் அடைபட்டு நிற்கும். பகல் முழுவதும் அரச குடும்பத்தினர் அக்குளிர்ச்சியிலே தங்குவர். மாலையானதும் பந்தர் நீக்கப்பட, அவர்கள் மேற்றளத்துத் தோட்டங்களுக்குச் சென்றுவிடுவர். குளிர்காலத்தில் இவ்வொழுங்கு தலைகீழாய் மாறும். வீட்டின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு மனிதர் பொழுதுக்கேற்ப இடம் பெயர்ந்தனர். எந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தென்னாட்டுப் பெருங்கோயில்களையும் அவர் இக்கண்கொண்டே நோக்கினார். கோபுரத்தையும் கருவறையையும் மட்டும் கண்டு வருபவன் கோயிலை முழுமையாகக் கண்டவன் ஆகான். அவற்றுக்கிடையே வானத்தின்கீழ் நீண்டு கிடக்கும் வீதிகளில் நடந்து செல்வதே அக்கோயிலின் அநுபவம் என்பது அவர் கருத்து.

இனி அவர் அமைத்தவற்றைப் பார்ப்போம். அவருடைய முதற் பெரும்பணி அகமதாபாத்தில் சபர்மதி ஆசிரமத்திலே அமைந்த காந்தி நினைவுக் காட்சியகம். 1917 முதல் 1930 வரை காந்தியடிகள் வாழ்ந்த இடம் அது. தண்டி யாத்திரை புறப்பட்டதும் அவ்விடத்திலிருந்தே. எளிமையே வாழ்வாகக் கொண்ட ஒருவருக்கு எழுப்பும் நினைவகம் மாளிகையாய் இருத்தல் தகுமா? கொரெயா, பக்கம் இருபது அடி கொண்ட சிறு சிறு சதுர மண்டபங்களைத் தேர்ந்தார். செங்கற்றூண்கள், கற்றளம், ஓட்டுக் கூரை, மரச் சட்டங்களாலான யன்னற் கதவுகள் ஆகிய இவ்வளவே பொருள்கள். யன்னல்களிலே கண்ணாடி இல்லை. சட்டங்களைத் திறந்தும் மூடியும் காற்றையும் ஒளியையும் அளந்து விடலாம். சில மண்டபங்கள் சுவர் சூழ்ந்தவை, சில நாற்புறமும் திறந்தவை, இடையிடையே முற்றங்கள், நடுவே நீர் நிறைந்த ஒரு தடாகம். கூரைகளுக்கிடையே ஓடும் கொங்கிறீற்று உத்தரங்கள் கூரையின் பாரத்தைத் தாங்குவதோடு மழைநீரைக் கொண்டு செல்லும் வாய்க்கால்களாகவும் பணிபுரிகின்றன. வேண்டும்போது மேலும் சில மண்டபங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்; கிராமம் வளர்வதுபோலக் கட்டடமும் வளரும். 1963இல் இதனைத் திறந்து வைத்தவர் பிரதமர் நேரு.

அதே அகமதாபாத்திலே, 1960களின் தொடக்கத்தில், குறைந்த செலவு வீட்டுக்கான போட்டியொன்று நடந்தது. அதிற் பரிசு பெற்றது கொரெயாவின் குழாய் வீடு. பன்னிரண்டு அடியளவே அகலமும், அதனைப் போல் ஐந்து மடங்கு நீளமும் உடைய ஒடுங்கிய வீடு அது. வாயிற் கதவருகே உள்ள சட்டங்களின் வழியாகக் காற்று உட்புகும். உள்ளே வெப்பமுற்ற காற்று, சாய்ந்த கூரையின் அடிப்புறத்தைப் பற்றி மேலேறி, உச்சியிலுள்ள திறப்பினால் வெளியேறும். அவ்வாறு வெளியேறுவது கீழிருந்து புதிய காற்றை இழுக்கும். அடுப்படிப் புகை புகைபோக்கியில் ஏறுவது எவ்வாறோ அவ்வாறே இதுவும். மின்விசிறிக்கும் வழியற்ற குடும்பத்துக்குக் கூரையின் சாய்வே விசிறியாயிற்று. அந்த வீடு இன்று இல்லை, பிற்காலத்தில் இடிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அது கற்பித்த பாடத்தைக் கொரெயா கைவிடவில்லை. 1960களின் பிற்பகுதியில் அங்கேயே கட்டிய பரேக் இல்லத்தில், கோடைக்கு ஒரு பகுதியும் குளிர்காலத்துக்கும் மாலைப்பொழுதுக்கும் ஒரு பகுதியுமாக இரண்டினை அருகருகே அமைத்தார். கோடைப் பகுதி கீழே அகன்று மேலே ஒடுங்கி வெயிலைத் தடுக்கும்; மற்றையது கீழே ஒடுங்கி மேலே விரிந்து வானத்தை வரவேற்கும்.

பம்பாயின் கம்பாலா குன்றில் 1970க்கும் 1983க்கும் இடையே எழுந்த காஞ்சன்சங்கா தொடர்மாடி செல்வர்களுக்கென அமைந்தது. அங்கே தீர்க்கவேண்டிய சிக்கல் ஒன்று இருந்தது. பம்பாயில் நல்ல காற்று வீசுவது மேற்கிலிருந்து. கடற்காட்சி இருப்பதும் மேற்கே. ஆயின் பிற்பகல் வெயில் தாக்குவதும், பருவமழை சாய்ந்தடிப்பதும் அந்த மேற்கிலிருந்தே. மேற்கை நோக்கித் திறந்தால் வெயிலும் மழையும் உள்ளே வரும். மூடினால் காற்றும் கடலும் போய்விடும். பழைய பங்களாக்களைக் கட்டியோர் சுற்றிலும் விறாந்தை அமைத்து இச்சிக்கலைத் தீர்த்திருந்தனர். கொரெயா அந்த விறாந்தையையே 28 மாடிக் கோபுரத்துக்கு ஏற்றினார். ஒவ்வொரு மனையின் மூலையிலும் இரண்டு மாடி உயரமுள்ள திறந்த தோட்டமொன்றை அமைத்து, வாழும் அறைகளை அதன்பின்னே ஒதுக்கினார். 32 மனைகள் கொண்ட அக்கோபுரத்தைத் தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு, மூலைகளிலே பெரும் பெட்டகங்களைக் குடைந்தெடுத்தாற்போன்ற தோற்றம் தென்படும். அது அழகுக்காகச் செய்த குடைவு அன்று. வெயிலுக்கும் மழைக்கும் காட்டிய மரியாதை.

செல்வனுக்குத் தொங்கும் தோட்டம் கிடைத்தது. ஏழைக்கு என்ன கிடைத்தது? கொரெயாவின் சிந்தனையிலே மிகவும் கனமான பகுதி இவ்விடத்திலேதான் தொடங்குகின்றது.

கிராமங்களிலிருந்து வேலை தேடிப் பெருநகருக்கு வரும் இலட்சக்கணக்கானோருக்கு அடுக்குமாடிகளே தீர்வு என்று அந்நாளில் பலர் நம்பினர். கொரெயா அதனை மறுத்தார். அவருடைய வாதம் எளிமையானது. சமைத்தல், உறங்குதல், விருந்தினரோடு உரையாடுதல், பிள்ளைகள் விளையாடுதல் ஆகியவற்றிற் பெரும்பகுதி வெப்பநாட்டில் திறந்த வெளியிலேயே நிகழக்கூடியது. ஓர் அறையைக் கட்டுவதற்குச் செங்கல், உருக்கு, சீமெந்து யாவும் வேண்டும். முற்றத்துக்கோ நிலம் மட்டும் போதும். ஓர் அறையும் ஒரு முற்றமும் உடையவன், இரண்டு அறைகள் உடையவனுக்கு ஏறக்குறைய நிகரானவன். ஆனால் பத்தாம் மாடியிலுள்ள ஓரறைக் குடும்பத்துக்கு முற்றம் ஏது? அடுக்குமாடியில் ஏற்றப்படும் ஏழை, தனக்கிருந்த மிகப் பெரிய அறையை இழக்கின்றான்.

மேலும், மனிதனுக்கு வேண்டிய வெளி வீட்டோடு முடிந்துவிடுவதில்லை. அதனை அவர் நான்கு படிகளாக வகுத்தார். முதலாவது, குடும்பத்துக்கே உரிய தனியிடம். இரண்டாவது, அயலவரோடு பேசும் வாயிற்படி. மூன்றாவது, ஊரார் கூடும் கிணற்றடி அல்லது தண்ணீர்க் குழாயடி. நான்காவது, நகரத்தார் அனைவருக்கும் பொதுவான மைதானம். இந்நான்கும் ஒன்றையொன்று தாங்குபவை. வீடு சிறிதானால் வாயிற்படியும் குழாயடியும் அக்குறையை ஓரளவு நிறைவு செய்யலாம்; நான்கும் ஒருங்கே சுருங்கினால் வாழ்வே சுருங்கிவிடும்.

நிலம் போதாதே என்பார்க்கும் அவரிடம் விடை இருந்தது. நகரத்தின் நிலம் முழுவதையும் வீடுகள் பிடித்துக்கொள்வதில்லை. சாலை, பாடசாலை, தொழிற்சாலை, புகையிரதப் பாதை எனப் பிறவற்றுக்குச் செல்லும் பங்கு பெரிது. ஆதலின் வீடுகளை மும்மடங்கு உயர்த்தினாலும் நகரம் மூன்றிலொரு பங்காய்ச் சுருங்கிவிடாது. தாழ்ந்த வீடுகளை நெருங்க அமைத்தாலே போதும். அத்தகைய வீடுகளை ஊர்க் கொத்தரும் தச்சரும் தம் கையறிவால் கட்டுவர். கட்டும் பணமும் அவர்களுடைய கைக்கே போய்ச்சேரும். குடும்பம் பெருகும்போது வீட்டையும் பெருக்கிக்கொள்ளலாம்.

இதனைச் செய்து காட்டும் வாய்ப்பு நவி மும்பையிலே வந்தது. பம்பாய், கடலுக்குள் நீண்ட ஒரு குறுகிய நிலத்திலே நெரிபட்டு நின்றது. 1964இல் கொரெயாவும், பிரவீணா மேத்தா, சிரிஷ் பட்டேல் ஆகிய இருவரும், துறைமுகத்துக்கு அப்பால் உள்ள பெருநிலத்திலே புதிய நகரொன்று அமைத்தல் வேண்டும் என்று முன்மொழிந்தனர். 1970இல் மகாராட்டிர அரசு அதனை ஏற்றது. தொடக்க ஆண்டுகளில் கொரெயாவே அதன் தலைமைக் கட்டடக் கலைஞராய் விளங்கினார். அரசு அலுவலகங்கள் புதிய நகருக்குப் பெயரும், அவற்றைப் பின்பற்றி வேலையும் மக்களும் பெயர்வர் என்பது திட்டத்தின் உயிர்நாடி. அரசோ பழைய நகரிலேயே தங்கியது. தென்முனையில் நரிமன் முனை என்னும் இடத்திலே கடலைத் தூர்த்த நிலத்தில் மேன்மேலும் அலுவலகங்கள் எழுந்தன. புதிய நகர் வளராமற் போகவில்லை. எண்ணியபடி எண்ணிய காலத்தில் வளரவில்லை.

அந்நகரின் பேலாப்பூர்ப் பகுதியில் 1983க்கும் 1986க்கும் இடையே கொரெயா ஒரு குடியிருப்பை அமைத்தார். ஏறக்குறைய பதின்மூன்று ஏக்கரில் 550 குடும்பங்கள். பக்கம் 8 மீற்றர் கொண்ட சிறு முற்றத்தைச் சூழ ஏழு வீடுகள். அத்தகைய மூன்று கூட்டங்கள் சேர்ந்து, பக்கம் 12 மீற்றர் கொண்ட சற்றுப் பெரிய முற்றத்தைச் சூழும். அவை மீண்டும் மும்மூன்றாகச் சேரும். இவ்வாறு வாயிற்படியிலிருந்து மைதானம் வரை வெளி படிப்படியாக விரிந்து செல்லும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனக்கென ஒரு முற்றமும் உண்டு. எந்த வீடும் அயல் வீட்டோடு பொதுச் சுவர் கொண்டதில்லை. அயலானைக் கேளாமலே ஒருவன் தன் வீட்டை விரித்துக்கொள்ளலாம் என்பதற்காகவே அவ்வேற்பாடு. வருமானத்தில் பெரும் வேறுபாடு உடையோர்க்கும் நிலத்தின் அளவில் பெரும் வேறுபாடு இல்லை. 45 சதுர மீற்றர் முதல் 75 சதுர மீற்றர் வரையே. ஏழையின் நிலம் செல்வனின் நிலத்தில் பாதிக்கு மேலாகவே இருந்தது. வெளியைப் பங்கிடுவதில் நீதி வேண்டும் என்ற கொள்கையே இங்கே வீட்டு நிலமாக உருப்பெற்றது.

நேயர்களே, பேலாப்பூரின் பிற்காலக் கதையையும் மறைத்தலாகாது. ஓடு வேய்ந்த அவ்வீடுகளிற் பலவற்றை இடித்துவிட்டு, உடையோர் கொங்கிறீற்று மாடிகளை எழுப்பிவிட்டனர். கொரெயா வரைந்த அழகிய உருவம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. இது தோல்வி எனக் கூறுவோர் உளர். ஆயின், வீடு வளரட்டும் என்று பொதுச் சுவரை நீக்கியவர் அவரே அன்றோ? வளர்ச்சிக்கு இடம் தந்த ஒருவர், அவ்வளர்ச்சி தம் விருப்பப்படியே அமையவேண்டும் என எதிர்பார்த்தல் இயலாது. வீடுகள் மாறினும், அவற்றை இணைக்கும் பொது முற்றங்கள் எஞ்சி நிற்கின்றன. அவர் கட்டிய சுவர்களைவிட, கட்டாமல் விட்ட வெளியே நெடுநாள் நிலைத்தது.

பெருமண்டபங்களை அமைத்தபோதும் அவர் இக்கொள்கையை விட்டகலவில்லை. போபாலில் ஏரிக்கரைச் சரிவிலே 1982இல் திறக்கப்பட்ட பாரத் பவன் என்னும் கலைக்கூடத்தை அணுகுவோர்க்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் முகப்பு எதுவும் தோன்றாது. மேற்றளங்களினூடே இறங்கிச் சென்றால், தாழ்ந்த முற்றங்களும் அவற்றைச் சூழ்ந்த கூடங்களும் ஒவ்வொன்றாய் வெளிப்படும். ஜெய்ப்பூரில் 1992இல் நிறைவுற்ற ஜவகர் கலை மையம் நவக்கிரகங்களைக் குறிக்கும் ஒன்பது சதுரங்களால் ஆனது. 1727இல் ஜெய்சிங் மன்னர் அந்நகரை அமைத்தபோது, குன்றொன்று குறுக்கிட்டமையால் ஒன்பதில் ஒரு சதுரம் இடம் பெயர்ந்தது. கொரெயாவும் தம் கட்டடத்திலே ஒரு சதுரத்தைப் பெயர்த்து வைத்து அப்பழைய வரலாற்றை நினைவூட்டினார். நடுச் சதுரம் ஞாயிற்றுக்குரியது. அங்கே அவர் என்ன கட்டினார்? ஒன்றும் கட்டவில்லை. படிகள் சூழ்ந்த வெற்று முற்றமாக அதனை வானத்துக்கே விட்டுவிட்டார்.

அவருக்கு வந்த சிறப்புகள் பல. 1984இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் மன்றத்தின் அரச பொற்பதக்கமும், 1998இல் போபால் சட்டசபைக் கட்டடத்துக்காக ஆகா கான் விருதும், 2006இல் பத்ம விபூஷண் பட்டமும் கிடைத்தன. ஆயினும் அவர் மனத்தை வருத்திய தோல்வியொன்று உண்டு. மும்பையின் நடுப்பகுதியிலே நெசவாலைகள் இருந்த நிலம் ஏறக்குறைய 600 ஏக்கர். 1982இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் பலவும் நிரந்தரமாய் ஓய்ந்தன. அந்நிலத்தை மூன்றாக வகுத்து, ஒரு பங்கு பொது வெளிக்கும், ஒரு பங்கு பொதுமக்கள் வீட்டுக்கும், ஒரு பங்கு உடையோர்க்கும் எனப் பகிரும் விதியொன்று 1991இல் ஏற்பட்டது. அதற்கு ஒருங்கிணைந்த திட்டம் வரையும் குழுவுக்கு 1996இல் கொரெயா தலைமை தாங்கினார். சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்த்து, நெரிசலில் மூச்சு முட்டும் நகருக்குப் பூங்காக்களும் நடைவழிகளும் தரலாம் என்று அவர் காட்டினார். 2001இல் அவ்விதி திருத்தப்பட்டது. பகிரவேண்டியது நிலம் முழுவதும் அன்று, ஆலைக் கட்டடம் இல்லாத வெற்றிடம் மட்டுமே என்றாயிற்று. பொதுமக்களின் பங்கு மிகவும் சுருங்கிற்று. வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆயினும் 2006இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை நிலைநிறுத்தியது. இன்று அங்கே வானளாவும் மாடிகளும் கடைத்தொகுதிகளும் நிற்கின்றன.

இவ்விரண்டு கதைகளையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை தெளியும். பேலாப்பூரிலே வெளி முதலிலேயே பொதுவென ஒதுக்கப்பட்டது. ஆகவே வீடுகள் மாறியும் அது தப்பிப் பிழைத்தது. ஆலை நிலத்திலோ வெளி காகிதத்திலே மட்டும் இருந்தது. ஆகவே விலை ஏறியதும் மறைந்தது. சுவரை எப்போதும் கட்டலாம். பழுதானால் இடித்தும் கட்டலாம். திறந்த வெளியை ஒருமுறை இழந்துவிட்டால், எத்துணைச் சிறந்த கட்டடக் கலைஞனாலும் அதனை மீட்டுத் தருதல் அரிது.

சார்ள்ஸ் கொரெயா 2015ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் மும்பையிலே காலமானார். அவர் விட்டுச்சென்ற வினா வெப்பநாடுகள் அனைத்துக்கும் உரியது. புதிதாய் வீடு கட்டுவோர் எத்தனை அறைகள் என்று கணக்கிடுகின்றனர். அந்தக் கணக்கிலே முற்றத்தையும் ஓர் அறையாகச் சேர்த்து எண்ணுதல் வேண்டும். நகரத்தைத் திட்டமிடுவோர் அந்த அறை ஏழைக்கும் கிடைத்ததா என்று கேட்டல் வேண்டும்.